வரப்பில் நடந்த சர்க்கஸ் குதிரை

எனக்கும் குதிரைக்கும் சேர்த்து ஒரே தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள். தாளின் மேல்பாதியில் குதிரையின் அடையாளம் எழுதியிருந்தது: வெள்ளை, பெட்டை, இடது காதில் கிழிசல். கீழ்ப்பாதியில் என் அடையாளம்: மாநிறம், ஆண், வலது புருவத்தில் தழும்பு. இரண்டுக்கும் கீழே நர்சம்மா தன் பெயரை முழுதாக எழுதிப் புள்ளி வைத்தார்.

"குதிர ஓடினாலும் நீங்கதான் பொறுப்பு, இவன் ஓடினாலும் நீங்கதான் பொறுப்பு," என்றார் ஏட்டையா.

"ரெண்டும் ஓடுத நெலமையிலயா இருக்கு?" என்று கேட்டார் நர்சம்மா.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் வேலை பார்த்த சர்க்கஸ் சித்திரை மாதம் தூத்துக்குடியில் கூடாரம் போட்டது. சின்ன சர்க்கஸ். கச்சான் என்கிற மேல்காற்று எழுந்து இரண்டு தடவை கூடாரத்தைக் கிழித்தது. கிழிந்த கூடாரத்துக்குள் வர யாருக்கும் மனமில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் முதலாளியும் மானேஜரும் இல்லை. கோமாளிகளும் கம்பிக்காரிகளும் அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார்கள். மிஞ்சிய நாங்கள் மூன்று பேர், தோணிப் பாய்க்கு ஆகும் என்று கூடாரத் துணியை வெட்டி விற்றோம். போலீஸ் வந்தபோது கத்தி என் கையில் இருந்தது. மற்ற இருவருக்கும் சொந்தக்காரர்கள் வந்து பேசிக் கூட்டிப் போனார்கள். எட்டயபுரத்துக்கு வடக்கே கரிசல்காட்டில் எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பதினைந்தில் வீட்டையும் விட்டவன் நான். ஒன்பது வருஷம் கழித்து ஸ்டேஷனிலிருந்து அவனுக்குத் தகவல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

குதிரையும் வழக்குப் பொருள் என்று ஸ்டேஷன் வாசலில் பூவரச மரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். எட்டும் உயரம்வரை இலையைத் தின்று தீர்த்துவிட்டு, எட்டாத இலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. விலா எலும்பை எண்ணலாம். அந்த வழியாகப் போன நர்சம்மா இரண்டு நாள் அதைப் பார்த்தார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, இதைப் பார்த்துக்கொண்டவன் யார் என்று கேட்டார்.

"நாந்தாம்மா குதிரக்காரன்," என்று உள்ளேயிருந்து சொன்னேன்.

பொய். நான் கூடாரத்துக்கு முளையடித்தவன், சாணி அள்ளியவன். குதிரையின் முதுகில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வெளியே வர வேறு வழி தெரியவில்லை.

நர்சம்மாவுக்கு அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவு. நாசரேத் பக்கம் பிறந்தவர். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நின்று நின்றே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். ஓய்வு பெற்றபின் முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் தொடங்கும் இடத்தில், ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அளங்களுக்கு நடுவே குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பேறுகாலம் என்றால் இவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் அங்கே போக வண்டிப்பாதை கிடையாது, வரப்புதான். நடக்க முழங்கால் விடாது. நான்கு ஆண்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள்.

"பொணத்தத் தூக்குத மாரி தூக்கிட்டுப் போறானுவ," என்பார். "நான் அப்படிப் போயி எறங்குததப் பாத்தா வலி வந்தவளுக்கு வலியே நின்னு போவுது."

அவருடைய தகப்பனார் உபதேசியார். தேரிக்காட்டுச் செம்மணலில் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனவர். சிறு வயதில் இவரும் அதில் ஏறியிருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் குதிரையைப் பார்த்ததும் இரக்கம் வந்தது, கூடவே இந்த யோசனையும் வந்தது.

வீட்டுக்குப் பின்னால் உப்பு மூட்டைகளை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. அதன் ஒரு மூலை குதிரைக்கு, மறு மூலை எனக்கு. அன்று சாயங்காலம் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு நர்சம்மா கேட்டார்.

"ஏறி ஓட்டத் தெரியும்லா?"

"தெரியும்மா."

"நீ எங்க போணும்னு இருக்க?"

"தோணியில போணும்மா."

"தோணி எங்க போவுது?"

"எங்க போவுதோ அங்க."

தூத்துக்குடித் தோணியில் வெளியாள் ஏறுவது லேசில்லை. தோணியை நடத்துகிற தண்டல் தன் மைத்துனனை எடுப்பார், மைத்துனனின் தம்பியை எடுப்பார். கடற்கரைக் குடும்பங்களுக்குள்ளேயே ஆள் நிறைந்துவிடும். கரிசல்காட்டான் ஏற வேண்டுமென்றால், தண்டல் தட்ட முடியாத ஒருவர் சொல்ல வேண்டும். நர்சம்மா ஒரு தண்டலின் மூன்று பிள்ளைகளுக்கும் பேறு பார்த்தவர்.

"கச்சான் அடங்கித் தோணி கெளம்புததுக்குள்ள இந்தக் குதிர என்னய ஏத்திட்டு அளத்துக்குத் தானா போயித் தானா திரும்பணும்," என்றார். "அன்னைக்கே ஸ்டேஷன்லயும் சொல்லி ஒன்ன விடுவிச்சிருதேன், தண்டல்ட்டயும் சொல்லிருதேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கனதான் கெடக்கணும்."

மறுநாள் காலையில் குதிரையை அவிழ்த்து வெளியே விட்டேன். கிட்டங்கிக்கு அப்பால் உவர்த் தரவை. புல் கிடையாது, மரம் கிடையாது, வேலி கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை தடுப்பே இல்லாத வெள்ளைத் தரை. பதினொரு நாள் மரத்தில் கட்டிக் கிடந்த மிருகம், பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நினைத்தேன். அது நாலு அடி வைத்தது. இடப்பக்கம் திரும்பியது. வட்டம் போட ஆரம்பித்தது.

ஒரே சீராக, தலையை உள்பக்கம் சாய்த்து, வட்டம் வட்டமாகப் போனது. உப்புப் பூத்த தரையில் குளம்புத் தடம் கோடு மாதிரி விழுந்தது. பிறகு அந்தத் தடத்தைக் காலடியால் அளந்து பார்த்தேன். எங்கள் கூடாரத்து வளையத்தின் அதே அளவு. முளையடித்தவன் நான்தான் என்பதால் அந்த அளவு எனக்குத் தெரியும்.

நிறுத்த வழி தெரியாமல் கையைத் தட்டினேன். உடனே நின்று, முன்னங்கால்களை மடித்து, முத்தையாபுரம் இருந்த திசைக்கு ஒரு வணக்கம் போட்டது.

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறினேன், விழுந்தேன், ஏறினேன். முதுகில் தங்கக் கற்றுக்கொள்ள எனக்கே பத்து நாள் ஆயிற்று. நான் ஏறியதும் அது வட்டம் போடும். இரண்டு சுற்று முடிந்ததும் காதைப் பின்னால் திருப்பிக் காத்திருக்கும். அது எதற்குக் காத்திருக்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அடுத்தது நான் அதன் முதுகில் எழுந்து நிற்க வேண்டும். நிற்காததால் அது குழம்பி வேகம் எடுக்கும், நான் கீழே கிடப்பேன்.

வலப்பக்கக் கடிவாளத்தை இழுத்தால் கழுத்து மட்டும் வலப்பக்கம் வரும், உடம்பு இடப்பக்கமே போகும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே பக்கம் வளைந்து ஓடிய உடம்பு. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு தோளும் ஒன்றுபோல இருக்காது. ஒருநாள் நான் ஆத்திரத்தில் இழுத்த இழுப்பில் அதன் கடைவாய் கிழிந்து ரத்தம் வந்தது. நர்சம்மா பார்த்துவிட்டார். வந்து கடிவாள இரும்பைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். அன்றிலிருந்து மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்கணைக் கயிறு மட்டும்தான்.

குதிரைக்குக் கால் கழுவவும் தினம் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தரையில் நடந்த குளம்பை அப்படியே விட்டால் வெடித்துவிடும். ரோட்டுக் குழாயில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு நடுவில் நானும் நிற்பேன்.

"ஏன் அண்ணாச்சி, வீட்டுல எத்தன பேரு?"

"ஒரு குதிர."

"குடிக்கவா, குளிக்கவா?"

"கால் கழுவ."

"எங்க மாமியா கால நான் ஒருநாளும் கழுவுனதில்ல. ஒம்ம குதிர குடுத்து வச்சது."

இதைச் சொன்னவள் நர்சம்மா வீட்டுக்கு எதிர் அளத்தில் உப்புச் சுமப்பவள். இருபது இருபத்திரண்டு வயது. சுமப்பவர்களின் வரிசையில் அவள்தான் முதல் ஆள், வரிசைக்கு வேகம் வைப்பவள். குதிரை வட்டம் சுற்றுவதைத் தினமும் உப்புப் பெட்டியோடு போகும்போதும் வரும்போதும் பார்த்தாள்.

"எத்தன நாளா இந்த மாவாட்டுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு மாசமா."

"வரப்புல ஏத்தும். அங்கன எப்படிச் சுத்துதுன்னு பாப்போம்."

கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. உப்பளத்து வரப்பில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்துத்தான் வழிவிட வேண்டும். இரு பக்கமும் பாத்தி, பாத்தி நிறைய முற்றிய உப்புநீர். திரும்ப இடமில்லை.

அளத்து மேஸ்திரி ஒரு கண்டிப்பு வைத்தார். உப்பு வாரிக் கரையேற்றும் நேரத்தில் வரப்பு பாரம் சுமப்பவர்களுக்கு மட்டும். வெறுங்கையோடு வருகிறவன் யாராக இருந்தாலும், முதலாளியே ஆனாலும், கீழே இறங்கி நிற்க வேண்டும். இது அங்கே எல்லோரும் மதித்த வழக்கம். "குதிர வரணும்னா அதுவும் சுமக்கட்டும்," என்றார் அவர். அதனால் குதிரையின் முதுகில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாக்கு உப்பைத் தொங்கவிட்டு, வரிசையின் நடுவில் அதை நிறுத்தினார்கள். முன்னால் எட்டுப் பெண்கள், பின்னால் ஏழெட்டுப் பெண்கள், எல்லார் தலையிலும் உப்புப் பெட்டி. நான் குதிரைக்குப் பக்கத்தில் போக முடியாது, இடமில்லை. முன்னால் ஒரு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் அது பழக்கப்படி இடப்பக்கம் காலைத் திருப்பியது. கால் பாத்திக்குள் போனது. கணுக்காலில் இருந்த சிராய்ப்பில் உப்புநீர் பட்டதும் துள்ளி வரப்புக்கு வந்தது. நின்று நடுங்கியது. பின்னால் பெட்டியோடு நின்ற பெண்கள் வைதார்கள். பாரத்தோடு நிற்பது நடப்பதைவிடக் கஷ்டம். முன்னால் போன வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அது அந்த வரிசையைப் பார்த்தது, பிறகு நடந்தது.

அப்புறம் காலை எங்கும் மாற்றி வைக்கவில்லை. ஒரு வாரத்தில் வரிசையோடு வரிசையாகப் போய் மேட்டில் நின்று, சாக்கை இறக்கியதும் அடுத்த வரப்பு வழியாகத் திரும்பி வரும். பெண்கள் அதற்கு வரிசையில் ஒரு இடமே ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நடைக்கு நடுவே கஞ்சியில் மிஞ்சியதைக் கொடுப்பார்கள். ஆவணி கடைசியில் சாக்குக்குப் பதில் நர்சம்மாவை ஏற்றினோம். வெள்ளைச் சேலைக்குள் ஒரு காக்கி நிஜாரைப் போட்டுக்கொண்டு, வாசல்படிக்கட்டின் உச்சியிலிருந்து குதிரை மேல் காலைப் போட்டு ஏறினார். வரிசையின் நடுவில் போய், வரிசையின் நடுவில் திரும்பி வந்தார்.

"எங்கப்பா மட்டக்குதிர இவ்வளவு மரியாதையா நடந்ததில்ல," என்றார். முகம் சிறு பெண்ணுடையது போல இருந்தது.

கச்சான் அடங்கத் தொடங்கியிருந்தது. வரப்பின் கோடியில் நின்றால் கடல் தெரியும். கரையேற்றிப் போட்டிருந்த தோணிகளுக்கு எண்ணெய் பூசிப் பாய்மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் கிளம்பிவிட்டேன்.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்த நர்சம்மா, "இன்னைக்கி நானும் குதிரயும் மட்டும் போயிட்டு வாரோம். நீ இங்கனயே நில்லு," என்றார். நான் கிட்டங்கி வாசலில் நின்றேன். குதிரை வரப்பின் தலைப்புவரை ஒழுங்காகப் போனது. அங்கே நின்றது. வரப்பு வெறிச்சென்று கிடந்தது. அது கழுத்தைத் திருப்பி இங்கும் அங்கும் பார்த்தது. பிறகு இடப்பக்கம் திரும்பித் தரவையில் இறங்கி வட்டம் போட ஆரம்பித்தது, நர்சம்மாவை வைத்துக்கொண்டு.

"ஏலே, நிறுத்துலே."

நான் ஓடினேன். ஓடிய பதற்றத்தில் கையைத் தட்டிவிட்டேன். குதிரை நின்று காலை மடித்து வணங்கியது. நர்சம்மா அதன் கழுத்து வழியாகச் சறுக்கி, பிடரியைப் பிடித்துத் தொங்கி, தரையில் உட்கார்ந்தார். அடி படவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"இது நேரா நடக்கப் படிக்கல. முன்னால போறவ முதுகப் பாத்து நடக்கப் படிச்சிருக்கு."

அவர் சொன்னது சரி. வரப்பின் வழக்கம் அது. முன்னால் ஒரு ஆள் இல்லாமல் அந்தக் குதிரை ஒருநாளும் வரப்பில் நடந்ததில்லை. பாதி நாள் அந்த முதுகு என் முதுகு. நான் தோணி ஏறினால் அதற்கு முதுகு இல்லை. அதற்கு முதுகு இல்லையென்றால் எனக்குத் தோணி இல்லை.

தண்டலின் தோணி கிளம்ப ஒரு வாரமே இருந்தது. நான் யோசித்தது ஒரு ஏமாற்று. அடுத்த தடவை நர்சம்மா ஏறும்போது, யதேச்சையாகப் போவதுபோல யாராவது ஒருத்தி பெட்டியோடு முன்னால் நடந்தால் போதும். ஒரே ஒரு நாள். வரிசையில் முதலில் நடப்பவளிடம் போய்க் கேட்டேன். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். அப்படியும் பாரம் சுமந்துகொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் அங்கே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நாள் நடந்தா போதுமா?" என்றாள்.

"போதும். மறுநாள் நான் தோணியில ஏறிருவேன்."

"நல்லது. எனக்குக் கார்த்திகைல பேறுகாலம்னு நர்சம்மா சொல்லியிருக்காவ. வலி வந்ததும் நாம் பாயிலேருந்து எந்திரிச்சு ஓடியாந்து, பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு, குதிரைக்கு முன்னால நடந்து நர்சம்மாவக் கூட்டிட்டுப் போயி, மறுபடி பாயில படுத்துக்கிடணும். அப்படித்தான அண்ணாச்சி?"

"படுக்கதுக்கு முன்னால குதிரைக்குக் காலும் கழுவி விட்டுருளா," என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று மதியம் நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பஸ்ஸில் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு ஊரைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை. மனதில் வந்ததெல்லாம் அந்தத் தாள்தான், அதன் கீழே நர்சம்மாவின் பெயரும் புள்ளியும். அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்தே திரும்பினேன். வழியெல்லாம் நர்சம்மாவைத் திட்டிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

வந்ததும் அவரிடம் போய், நான் குதிரைக்காரன் இல்லை, சாணி அள்ளியவன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்லே," என்றார். "கயிறு புடிக்கவன் காய்ப்பு விரலிடுக்குல இருக்கும். ஒனக்கு உள்ளங்கையில இருக்கு. மம்பட்டி புடிச்ச கை."

"அப்பம் ஏன் கையெழுத்துப் போட்டீக?"

"ஸ்டேஷன்ல வேற யாரு இருந்தா? ஏட்டையாவையா கூட்டிட்டு வர முடியும்?"

எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு, ஜட்கா வண்டிக் குதிரைக்கு முன்னால் யார் நடக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை. வண்டிக்காரன் பின்னால் இருக்கிறான். அது இத்தனை மாதமாக ரோட்டில் என் கண்முன்னே இருந்த விஷயம்.

தோணிக்காரர்கள் கழித்துப்போட்ட கயிற்றில் இரண்டு வாங்கி, மூக்கணையின் இரு பக்கமும் கட்டி, குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெண்கள் இளைப்பாறும் உச்சி வேளையில் வரப்பு காலியாக இருக்கும். அப்போது அதை முன்னால் விட்டேன். அது நகரவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடியது. முன்னால் ஒருவருமில்லை, இரு பக்கமும் உப்புநீர், பின்னால் நான். காது இரண்டும் ஒவ்வொரு திசையில் அலைந்தன. அடிக்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அடிக்கலாம் என்றிருந்தால் அடித்திருப்பேன். அன்று அந்த வெயிலில் இருவரும் அப்படியே நின்றோம். நிழல் காலடியிலிருந்து வெளியே வரும்வரை நின்றோம். கடைசியில் அது ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தது. ஒரு கால்தான். நான் கயிற்றைத் தளர்த்தினேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் நான்கு அடி. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. தோணிக்காரர்கள் கயிற்றைப் பாகத்தில் அளப்பார்கள், விரித்த இரண்டு கைக்கு ஒரு பாகம். முதலில் அதன் வாலைத் தொடும் தூரத்தில் நடந்தேன். நன்றாக நடந்த நாளில் ஒரு பாகம் கூட்டுவேன். நின்றுவிட்ட நாளில் ஒரு பாகம் குறைப்பேன்.

தண்டலின் தோணி கிளம்பிய நாளில் நான் நடு வரப்பில் இருந்தேன். மூன்று பாகம் கயிறு. குதிரை தயங்கித் தயங்கி நடந்துகொண்டிருந்தது. பாய் விரிந்து தோணி நகர்வது குதிரையின் முதுகுக்கு மேலே தெரிந்தது. ஓடிப்போய்க் கரையில் நின்று பார்க்கவாவது ஆசையாக இருந்தது. கயிற்றை விட்டால் அது திரும்பும், திரும்பினால் பாத்தியில் விழும், அதுவரை செய்த வேலை போய்விடும். கயிற்றைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே நடந்தேன். வரப்பு முடியும்போது பாய் சின்னதாகியிருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் அளத்தில் வேலை நின்றது. உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடிவிட்டார்கள். சுமப்பவர்கள் குடிசைக்குள் முடங்கிக் கடன் அரிசியில் காலம் தள்ளினார்கள். வரப்பு கரைந்து வழுக்கியது. நானும் குதிரையும் மழைவிட்ட நேரமெல்லாம் அதில் நடந்தோம். பன்னிரண்டு பாகம் ஆயிற்று. பிறகு கயிற்றைப் பிடிக்காமல் தரையில் இழுபடவிட்டேன். அப்புறம் கயிறே இல்லாமல் பின்னால் நடந்தேன். ஆனால் நான் பின்னால் இருக்கிறேன் என்பது அதற்குத் தெரியும். ஒரு காது எப்போதும் என் பக்கம் இருக்கும்.

கார்த்திகையில் ஒரு பகல் வேளை, தூறலில், வரிசையில் முதலில் நடப்பவளின் புருஷன் நனைந்துகொண்டு வந்து நின்றான். விடியலிலிருந்து வலி என்றான். நாற்காலி தூக்க ஆள் கூட்டி வரவா என்று கேட்டான். முந்தின நாள்தான் வரப்பில் ஒருவன் வழுக்கிக் காலை முறித்திருந்தான்.

"வேண்டாம், நீ முன்னால ஓடு. நான் வாரேன்னு சொல்லு," என்றார் நர்சம்மா. அவன் நீரில் இறங்கி, பாத்திகளுக்குக் குறுக்கே ஓடி மறைந்தான்.

பையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டின் உச்சியிலிருந்து ஏறினார். நான் வழக்கம்போலப் பின்னால் போக நின்றேன்.

"நீ வராத. ஒன்னப் பாத்தா அது ஒன்னத் தேடும். உள்ள போ."

கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வரப்பின் தலைப்பில் குதிரை நின்றது. முன்னால் மழையும் வரப்பும் மட்டும். கழுத்து மெல்ல இடப்பக்கம் வளைந்தது. நர்சம்மா கயிற்றை இழுக்கவில்லை, உதைக்கவில்லை. பையை மடியில் அணைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் இரண்டு கையும் கதவுப் பலகையைப் பிடித்தபடி மரத்துப்போயின. குடிசையில் அவள் கிடக்கும் கிடை நினைவுக்கு வந்தது. போ என்று கத்தலாம். கத்தினால் அது என்னிடம் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

குதிரையின் கழுத்து நேரானது. வரப்பில் கால் வைத்தது. ஒரு காதும் பின்னால் திரும்பவில்லை. வெள்ளைச் சேலையும் வெள்ளைக் குதிரையும் மழைக்குள் போய்க் கலந்து, பிறகு எது எது என்று தெரியவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தரவையில் செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. குதிரைக்குக் கொள்ளு ஊறப் போட்டேன். ஏற்கெனவே பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் திரும்பி வந்தார்கள். இறக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு எதிரே போனேன். குதிரை என்னைத் தாண்டி நேராகப் படிக்கட்டுக்குப் போய் நின்றது. நர்சம்மா தானாகவே படியில் காலை ஊன்றி இறங்கினார்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு," என்றார்.

"அங்கன எப்படி எறங்குனீக? படி கெடையாதே."

"உப்புக் குவியல் மேலதான். ஓலை போட்டு மூடியிருந்தான், மெத்த கணக்கா இருந்துச்சு." சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நாளைக்கி ஸ்டேஷனுக்குப் போவோம். அங்கயிருந்து தண்டல் வீட்டுக்கு. அவரு தோணி முந்தாநாள் திரும்பிட்டு."

ஸ்டேஷனில் ஏட்டையா அந்தத் தாளைத் தேடி எடுத்து, கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு கோடு அடித்தார். மேல்பாதியை அப்படியே விட்டார். தண்டல் தன் வீட்டு வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நர்சம்மா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"நீச்சல் தெரியுமாலே?"

"தெரியாது."

"அது போதும்," என்றார் தண்டல். "தெரிஞ்சவன் பாதியில குதிச்சிருதான். வியாழக்கெழம வா."

வியாழக்கிழமை போய் ஏறினேன்.